முதலில் படுக்கை, பிறகு பாதை: பிரான்சின் கிராமப்புறத்தில் நடக்கச் செல்பவர்களுக்கு

கேரள எல்லையில் உள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள், இரவு எங்கே தங்குவது என்று முன்கூட்டியே யோசிப்பதில்லை. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் செல்லும் சாலையில் எங்கே இருட்டினாலும் ஒரு மண்டபமோ அன்னதானப் பந்தலோ கண்ணில் படும். கால் வலித்த இடத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். இந்தப் பழக்கத்தை நம்பிப் பிரான்சின் கிராமப் பாதைகளில் நடக்கக் கிளம்பினால் மூன்றாம் நாளே திண்டாட வேண்டிவரும். அங்கே ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வெறும் புல்வெளியாகவே இருக்கலாம். கிராமத்தை அடைந்தாலும் அதில் மொத்தமே இருபது, முப்பது படுக்கைகள்தான் இருக்கலாம். ஆகவே அங்கு ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடப்பது என்பதைத் தீர்மானிப்பது படுக்கைதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தாமே வரிசைக்கு வந்துவிடும்.

முதல் முறை சென்றபோது நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். விலை குறைவாகக் கிடைத்தது என்று மே மாதத்துக்கு விமானச் சீட்டை முதலில் எடுத்துவிட்டு, தங்குமிடத்தை முதல் நான்கு இரவுகளுக்கு மட்டும் உறுதி செய்துகொண்டு, மற்றதைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டோம். ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாளில், எப்போதும் வியாழக்கிழமையில் வரும் விண்ணேற்பு விழா பிரான்சில் பொது விடுமுறை. பலர் வெள்ளிக்கிழமையும் விடுப்பு எடுத்து நான்கு நாள்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் 'பாலம்' என்றே பெயர். அந்த வாரத்தில் இருபத்தாறு கிலோமீட்டர் நடந்து மாலை ஐந்து மணிக்கு நாஸ்பினால் என்னும் ஊருக்குள் நுழைந்தபோது, நாங்கள் தட்டிய மூன்று வீடுகளிலும் கேட்டது 'கோம்ப்ளே', அதாவது 'நிரம்பிவிட்டது' என்ற ஒரே சொல். நான்காம் வீட்டு அம்மையார் என் மனைவியின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, நிற்க வைத்தே நான்கைந்து இடங்களுக்குத் தொலைபேசியில் பேசி, பாதையிலிருந்து விலகியிருந்த ஒரு பண்ணை வீட்டுக்குத் தம் காரிலேயே கொண்டுபோய் விட்டார். அவருடைய நல்ல மனத்தால் அன்றைய இரவு கழிந்தது. அடுத்த முறை ஒவ்வோர் இரவையும் ஐந்து மாதங்களுக்கு முன்பே உறுதி செய்தோம்.

முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது லெ புய் நகரிலிருந்து கோங்க் என்னும் ஊர் வரை செல்லும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பாதையை. ஸ்பெயினின் சான்தியாகோ தேவாலயத்தை நோக்கி நடுக்காலத்திலிருந்தே யாத்திரிகர்கள் நடந்துவரும் வழி இது. இன்று இதன் எண் ஜி.ஆர். 65. பிரான்சில் உள்ள சான்தியாகோ வழிகளை 1998-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பாதயாத்திரையின் வழக்கம் தெரிந்த நமக்கு இந்த வழி அந்நியமாகத் தோன்றாது என்பது ஒரு காரணம். நடப்பவர்களுக்கான விடுதிகள் மற்றப் பல பாதைகளைக் காட்டிலும் இங்கே நெருக்கமாக இருப்பது மற்றொரு காரணம். பாதையைத் தொலைப்பதும் கடினம். 'ஜி.ஆர்.' என்னும் நெடும்பாதைகளில் மரத்திலும் கல்லிலும் கம்பத்திலும் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரண்டு பட்டைகள் தீட்டியிருப்பார்கள். அதே இரண்டு நிறங்கள் பெருக்கல் குறியாக இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பொருள். மஞ்சள் பட்டை மட்டும் இருந்தால் அது அந்த ஊரைச் சுற்றிவரும் சிறு பாதை. பேச்சு சுவாரசியத்தில் கால் மணி நேரம் நடந்தும் ஒரு பட்டைகூடக் கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகக் கண்ட பட்டைக்குத் திரும்பிவிடுவதே நல்லது.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். ஒரு தாளில் இரவுகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். லெ புய் நகரில் முதல் இரவு. அடுத்து சேன் பிரிவா, சோக், சோவாஜ் பண்ணை, ஓமோன் ஓப்ராக், நாஸ்பினால், சேன் ஷெலி, எஸ்பாலியோன், எஸ்தேன், கோலினாக், கடைசியாகக் கோங்க். பெரும்பாலான நாள்களின் நடை 17 முதல் 27 கிலோமீட்டருக்குள் அமையும். எஸ்பாலியோனிலிருந்து எஸ்தேன் வரை பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான். அந்த நாளைக் கால்களுக்கு ஓய்வாக வைத்துக்கொள்ளலாம். சோவாஜ் என்பது ஊர் அன்று. உயர்ந்த புல்வெளியின் நடுவே தனியாக நிற்கும் பழைய கருங்கல் பண்ணை. அங்கே இடம் கிடைக்காவிட்டால் முந்தைய நாளும் பிந்தைய நாளும் மாறிப்போகும் என்பதால், என் கணக்கில் முதலில் எழுத வேண்டிய கடிதம் அங்கேதான். அங்கே இடம் உறுதியானபின் அதிலிருந்து முன்னும் பின்னுமாக மற்ற இரவுகளை நிரப்பிக்கொண்டு வரவேண்டும்.

தங்குமிடங்களில் நடப்பவர்களுக்கு ஏற்றவை இரண்டு வகை. 'ஜீத் தெத்தாப்' என்பது நான்கு முதல் பன்னிரண்டு பேர் வரை ஒரே அறையில் படுக்கும் நடைபயணிகள் விடுதி. சிலவற்றைத் தனியாரும் சிலவற்றை ஊராட்சியும் நடத்துகின்றன. 'ஷாம்பர் தோத்' என்பது ஒரு குடும்பம் தன் வீட்டின் ஓர் அறையை விருந்தினருக்குத் தருவது; விலை கூடுதல், தனிமை உண்டு. எதுவாக இருந்தாலும் 'தெமி பான்சியோன்' உண்டா என்று கேட்டு, இருந்தால் அதையே எடுங்கள். இரவு உணவு, படுக்கை, காலை உணவு மூன்றும் சேர்ந்த ஏற்பாடு அது. சிறு கிராமங்களில் வேறு உணவகமே இராது. மளிகைக் கடையும் மதியம் மூடிவிடும், ஞாயிறு பிற்பகலில் திறக்காது, பல ஊர்களில் திங்களன்றும் திறக்காது. பொது விடுதியில் கம்பளி தருவார்கள், விரிப்பு தருவதில்லை. பை போலத் தைத்த மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்றை எடுத்துச் செல்ல வேண்டும். நாங்கள் எங்கள் பக்கத்துச் சித்தூரில் ஒரு தையல்காரரிடம் பழைய வேட்டியைக் கொடுத்துத் தைத்துக்கொண்டோம்; எடையே தெரியவில்லை.

கிராமத்து விடுதிகளில் பல, பெரிய முன்பதிவுத் தளங்களில் இருப்பதில்லை. மின்னஞ்சலோ தொலைபேசியோதான் வழி. கோடையில் நம் நேரம் அவர்களுடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது. அவர்களுக்குக் காலை பத்து மணி, நமக்குப் பிற்பகல் ஒன்றரை. விருந்தினர் கிளம்பிப்போய் வீடு ஓய்ந்திருக்கும் அந்த நேரத்தில் அழைத்தால் பொறுமையாகப் பேசுவார்கள். வீட்டில் தமிழும் தாலுகா அலுவலகத்தில் மலையாளமுமாக வளர்ந்த எங்கள் எல்லைக்காரர்களுக்கு, எதிரில் இருப்பவரின் மொழியில் நான்கு சொற்கள் பேசினாலே முகம் மலர்ந்துவிடும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'போன்ஜூர்' என்ற வணக்கம் இல்லாமல் எந்தப் பேச்சையும் அங்கே தொடங்கக் கூடாது. மின்னஞ்சலைக் காரைக்காலில் இருக்கும் உறவினர் ஒருவர் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தார். அதில் நாங்கள் குறிப்பிட்டவை: எந்தத் தேதி இரவு, எத்தனை பேர், தெமி பான்சியோன் வேண்டும், ஒருவர் சைவம், நடந்து வருகிறோம், மாலை நான்கு மணிக்கு வந்து சேருவோம்.

முன்பணம் கேட்டால் ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'ஆர்' (arrhes) என்று எழுதியிருந்தால், நாம் வராமல் போனால் அந்தப் பணம் போய்விடும், அதோடு தீர்ந்தது. விடுதிக்காரரே மறுத்தால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அகோந்த்' (acompte) என்று இருந்தால் அது முழு ஒப்பந்தத்தின் முதல் தவணை. நாம் பின்வாங்கினால் மீதித் தொகையையும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. விசா கைக்கு வராத நிலையில் நாம் 'அகோந்த்' செலுத்துவது சரியன்று. விசாவுக்காகக் காத்திருக்கிறோம், முடிவு தெரிந்தவுடன் எழுதுகிறோம், வந்தபின் ரொக்கமாகத் தருகிறோம் என்று நேராகச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். வரமுடியாமல் போனால் உடனே தெரிவித்துவிட வேண்டும். பத்துப் படுக்கைகள் உள்ள வீட்டில் வராத இருவருக்காக ஒதுக்கிய இடம் பெரிய நட்டம், சமைத்த உணவும் வீண்.

விசாவுக்கு இந்த இரவுப் பட்டியலே முதுகெலும்பு. பிரான்சுக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள்கள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்குப் பதினைந்து நாள்கள் என்பது வழக்கமான கணக்கு, சில நேரங்களில் நாற்பத்தைந்து நாள்கள் வரை நீளும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு வேண்டும். மலைப்பாதை நடையையும் அது உள்ளடக்குகிறதா என்று படித்துப் பாருங்கள். கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதங்களாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். ஒவ்வோர் இரவும் வேறு ஊரில் தங்குவது விசா அதிகாரிக்கு விநோதமாகத் தோன்றக்கூடும். அதனால் ஜி.ஆர். 65 பாதையில் நடக்கிறோம் என்று ஒரு பக்க விளக்கக் கடிதமும், தேதி, ஊர், விடுதி முகவரி, நடக்கும் தூரம் ஆகியவற்றைக் கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணையும், ஒவ்வொரு விடுதியின் உறுதி மின்னஞ்சலின் அச்சுப்படியும் வைத்தோம். ஜூனில் நடக்க விரும்புகிறவர் ஜனவரியில் படுக்கைகளை உறுதி செய்து, மார்ச்சில் விசாவுக்குக் கொடுத்துவிட்டால் பதற்றம் இல்லை. விமானத்துக்கு அதுவரை ரத்து செய்யத்தக்க முன்பதிவு போதும்.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாக. மே நடுவிலிருந்து ஜூன் வரை பூக்களின் காலம், செப்டம்பர் அமைதியான காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். பல விடுதிகள் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும்.

எங்களுக்குக் கோவை விமான நிலையமே அருகில் இருந்தாலும், வளைகுடா வழியாகப் பாரிஸ் செல்ல கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில்தான் அதிக விமானங்கள் உண்டு. பாரிஸில் இறங்கியபின் நகருக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. சார்ல் தெ கோல் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்துக்கு அடியிலேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து லியோன் பார் தியே நிலையத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பிறகு சேன் எத்தியேன் சென்று, அங்கே வட்டார ரயிலில் ஏறி லெ புய் போய்ச் சேரலாம். அதிவேக ரயில் சீட்டு முன்கூட்டி எடுத்தால் மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். வட்டார ரயிலுக்கு அந்த அவசரம் இல்லை. விமானம் தாமதமாகலாம் என்பதால், தரையிறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விடுங்கள். எங்களைப் போல ஐம்பதைத் தாண்டியவர்கள் லியோனில் ஓர் இரவு தூங்கிவிட்டுச் செல்வது உடம்புக்கு நல்லது.

லெ புய் நகரில் காலை ஏழு மணிக்குப் பேராலயத்தில் யாத்திரிகர்களுக்கான திருப்பலி நடக்கிறது. எந்த மதத்தவரும் அமரலாம். முடிந்ததும் தேவாலயத்தின் தரையிலேயே உள்ள கிராதியைத் திறக்கிறார்கள். அதன் வழியே படிகளில் இறங்கினால் நேரே ஊரின் தெருவும், பாதையும். யாத்திரிகர் அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டால் ஒவ்வொரு விடுதியிலும் முத்திரை இட்டுத் தருவார்கள். சில விடுதிகள் அந்த அட்டை உள்ளவர்களை மட்டுமே ஏற்கும்.

சேன் பிரிவாவைத் தாண்டி மோனிஸ்ட்ரோலுக்கு இறங்கும் சரிவு கடினமானது. மழை நாளில் கல் வழுக்கும், முழங்கால் நடுங்கும். எங்கள் சித்தூர்ச் சமவெளியில் வாய்க்கால் கரை நடை மூச்சுக்குப் போதும், முழங்காலுக்குப் போதாது. பழனி மலைப் படிகளை மாதம் இருமுறை ஏறி, அதைவிட முக்கியமாக நிதானமாக இறங்கிப் பழகியதுதான் எங்களைக் காப்பாற்றியது. பை ஆறேழு கிலோவைத் தாண்டக் கூடாது. தோள் தாங்காதவர்கள், ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பையை வண்டியில் கொண்டுசேர்க்கும் சேவையை நாளுக்குச் சில யூரோ கொடுத்துப் பெறலாம். அதற்கும் முதல் நாள் மாலையே சொல்லிவிட வேண்டும். குடிநீருக்கு ஒரு வழி: கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும், அங்குள்ள நடைபயணிகள் கூச்சமின்றி அதில் பிடித்துக்கொள்கிறார்கள். 'நோன் போத்தாப்ல்' (non potable) என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. அவசர உதவிக்கு எண் 112.

விடுதிக்குள் நுழைந்ததும் காலணியை வாசலில் உள்ள அடுக்கில் வைக்கச் சொல்வார்கள்; மூட்டைப்பூச்சிக்குப் பயந்து பையையும் அறைக்குள் கொண்டுபோக விடாத வீடுகள் உண்டு. இரவு ஏழு, ஏழரைக்கு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஓப்ராக் மேட்டுநிலம் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே மேயும் மாடுகள் வெளிர்பழுப்பு நிறமானாலும், வளைந்த கொம்பும் மை தீட்டிய கண்ணுமாக நம் காங்கேயம் மாட்டை நினைவூட்டி என்னை ஐந்து நிமிடம் வேலியோரம் நிற்க வைத்தன. அங்குள்ள வீடுகளில் 'அலிகோ' பரிமாறுவார்கள். உருளைக்கிழங்கு மசியலில் புதிய பாலாடைக்கட்டியையும் பூண்டையும் சேர்த்துக் கிளறி, மரக்கரண்டியால் தலைக்கு மேல் தூக்கினாலும் அறுபடாத கயிறாக நீளும் பதத்தில் தட்டில் விடுகிறார்கள். இறைச்சி இல்லை, ஆனால் அந்தப் பாலாடைக்கட்டியை உறையவைக்கக் கன்றின் இரைப்பைச் சாறு சேர்ப்பது வழக்கம் என்பதைக் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருக்க வேண்டும். லெ புய் பகுதியின் பச்சைப் பயறு போன்ற சிறு பருப்பு புகழ்பெற்றது. அதைப் பன்றி இறைச்சியோடு வேகவைப்பதே அவர்கள் பழக்கம். 'சான் வியாந்த், சான் புவாசோன்', அதாவது இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று முன்பதிவின்போதே சொன்ன வீடுகளில் என் மனைவிக்குத் தனியாகச் சமைத்திருந்தார்கள்; சொல்லத் தவறிய ஒரு வீட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் கிடைத்தன.

கையில் ரொக்கம் வைத்திருங்கள். சிறு விடுதிகள் பலவற்றில் வங்கி அட்டை எடுபடாது, பண இயந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. மூன்று நான்கு இரவுக்கான தொகையை எப்போதும் கையில் வைத்திருந்து, ஓமோன் ஓப்ராக், எஸ்பாலியோன் போன்ற ஊர்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

கோங்க் ஊரில் ரயில் நிலையம் இல்லை. திரும்பும் நாளை அங்கே போய் யோசிக்க முடியாது. ரொதேஸ் நகருக்குச் செல்லும் வண்டியைக் கடைசி விடுதிக்காரரிடம் மின்னஞ்சலிலேயே கேட்டு ஏற்பாடு செய்துவிட வேண்டும். ரொதேஸிலிருந்து பாரிஸுக்கு இரவு ரயில் இருக்கிறது. அதில் படுக்கை எடுத்தால் ஒரு விடுதிச் செலவு மிச்சம். காலையில் பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் இறங்கலாம். நாங்கள் கோங்க் ஊரில் இரண்டு இரவுகள் தங்கினோம். தேவாலய வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய இறுதித் தீர்ப்புக் காட்சியை மாலை வெயிலில் பார்க்க ஒரு நாள் வேண்டும்; அந்த இரண்டாம் இரவையும் ஜனவரியிலேயே கேட்டுவிடுங்கள்.