விதிகள் மோதுகின்றன என்று கருவி சொன்னால், அதை எப்படிச் சரிபார்ப்பது?

டிக்ளேர் மாதிரியான மொழியில் எழுதிய பிராசஸ் மாடலில், அதாவது ஒரு வேலை எப்படி நடக்க வேண்டும் என்ற வரைவில், 'இதற்கு அடுத்து இது' என்ற வரிசை இருக்காது, விதிகள்தான் இருக்கும். அந்த விதிகளுக்குள் எங்கே முரண் என்று ஒரு கருவி பட்டியல் கொடுத்தால், அதை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டிவிடாதீர்கள்.

முதலில், முரண் என்று கருவி எதைச் சொல்கிறது என்று பாருங்கள். கடன் விண்ணப்பம் வந்தால் பிறகு சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்று ஒரு விதி, விண்ணப்பம் வந்தால் பிறகு சரிபார்ப்பு நடக்கவே கூடாது என்று இன்னொரு விதி. தர்க்கப்படி இங்கே முரண் கிடையாது, ஏனென்றால் விண்ணப்பமே வராவிட்டால் இரண்டும் மீறப்படாது. ஆனால் முதல் விண்ணப்பம் வந்த நாளே வேலை நின்றுவிடும்! ஒவ்வொரு செயலுக்கும் 'இது ஒருமுறையாவது நடக்க வேண்டும்' என்று ஒரு விதியைத் தற்காலிகமாகச் சேர்த்து ஓட்டுங்கள், செத்துப்போன செயல்கள், அதாவது விதிகளை மீறாமல் ஒருமுறைகூட நடக்க முடியாதவை, வெளியே வந்துவிடும். அப்புறம் செயல்களை இரண்டிரண்டாகவும் சேர்த்துப் பாருங்கள். ஒப்புதலும் நிராகரிப்பும் சேர்ந்து வர முடியாது என்று வந்தால் அது வேண்டுமென்றே வைத்தது, பிழை இல்லை. இந்த இடத்தில் அந்த வேலையைச் செய்பவரிடம் கேட்டுத்தான் தீர வேண்டும்.

அடுத்து, விடை தெரிந்த கேள்வியைக் கருவியிடம் கொடுங்கள். 2012 பிபிஐ சேலஞ்ச் என்ற பிராசஸ் ஆய்வுப் போட்டிக்காக வெளியான லாக் (நடந்தவற்றின் பதிவு), ஒரு டச்சு நிதி நிறுவனத்தின் கடன் விண்ணப்பங்கள், 13,087 கேஸ்கள் (ஒரு விண்ணப்பம் ஒரு கேஸ்). அதில் எந்தக் கேஸும் மீறாத விதிகளை மட்டும் எடுத்தால் அவற்றுக்குள் முரண் இருக்கவே முடியாது, அந்தக் கேஸ்கள்தானே சாட்சி. கருவி ஒன்றே ஒன்று கண்டுபிடித்தாலும் கோளாறு கருவியில்தான். 80 சதவீதக் கேஸ்கள் மீறாவிட்டால் போதும் என்று அளவை இறக்கினால் முரண் வரலாம், ஒவ்வொரு விதியையும் வெவ்வேறு கேஸ்கள் மீறியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது: திருத்தம் கேட்டால் பிறகு மறுசமர்ப்பிப்பு வர வேண்டும், மறுசமர்ப்பிப்பு வந்தால் பிறகு திருத்தம் கேட்க வேண்டும். முடிவே இல்லாத ஓட்டத்தில் இது ஒத்துப்போகும். நிஜக் கேஸ் ஒருநாள் முடிந்தாக வேண்டும், அதனால் இரண்டு செயலும் செத்தவைதான். இதைத் தவறவிடும் கருவி முடிவில்லாத ஓட்டத்துக்கான தர்க்கத்தில் ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள், இங்கே தேவை 2013ல் கணினி அறிவியலாளர்கள் டி ஜியாகோமோவும் வார்டியும் முன்வைத்த எல்டிஎல்எஃப், முடிவுள்ள ஓட்டத்துக்கான தர்க்கம்.

முரண் தொகுப்பு ஒன்றை, அதாவது சேர்ந்து மோதும் சில விதிகளை, கருவி காட்டினால் அதிலிருந்து ஒரு விதியை உருவிவிட்டு ஓட்டுங்கள், மீதி இன்னும் மோதினால் உருவிய விதிக்கு அந்த முரணில் பங்கில்லை, சும்மா கூட இருந்தது. ஒவ்வொன்றாக இப்படிச் செய்துவிடுங்கள், நான்கைந்து விதிகள்தானே இருக்கும்.

நேரமும் முக்கியம். தொகுப்புகளின் எண்ணிக்கை விதிகளோடு சேர்ந்து வெடித்துப் பெருகக்கூடும், ஆகவே கருவி பாதியில் நின்றுபோனது என்றால் பட்டியல் முழுமையில்லை என்று ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.