லோடு ஏற்றியதும் ஒரு மிஸ்டு கால்

என் வீட்டுக்காரர் ஹெவி லைசென்ஸ் எடுத்து, மூத்த டிரைவர் ஒருவருடன் லாரியில் ஓடிப் பழகுகிறார். கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆனால்தான் இதற்குப் பழகுநர் உரிமமே கிடைக்கும். அப்படிக் காத்திருந்து பிடித்த வேலை.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சம்பா அறுப்பு நேரத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றப் போனால், எப்போது திரும்புவார் என்று சொல்லவே முடியாது. வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். தூறல் விழுந்தால் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். போன் செய்தால் எடுக்க மாட்டார், ஓட்டும்போது எடுக்கவும் கூடாது. நான் இங்கே தூங்காமல் கிடப்பேன். வந்ததும் சண்டை.

அப்புறம் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். லோடு ஏற்றியதும் ஒரு மிஸ்டு கால், டீக்கு வண்டியை ஓரங்கட்டியதும் ஒரு வாய்ஸ் மெசேஜ். நானாகக் கூப்பிடுவதில்லை. அவசரம் என்றால் அந்த டிரைவர் அண்ணன் நம்பர் இருக்கிறது, அதை வாங்கி வைத்ததுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

விடியற்காலை வந்தால் ஜன்னலில் கெட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, அவர் போனை நான் வைத்துக்கொள்வேன். மாமியாரிடமும் சொல்லியிருக்கிறேன், மதியம் வரை யாரும் எழுப்பக் கூடாது. தவணை, பள்ளிக் கட்டணப் பேச்செல்லாம் அவர் எழுந்து சாப்பிட்ட பிறகுதான்.