துரை பங்களாவை விடுதியாக்க நினைப்பவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர்களான துரைமார் இருந்த பழைய பங்களாக்களைத் திருத்தி விடுதியாக்கிக் கொடுப்பது என் தொழில். பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அதனால் என்னிடம் வருகிறவர்களை முதலில் காணியைச் சுற்றி நடக்கச் சொல்வேன், தோட்டத்து வயசாளி ஒருவரையும் கூட்டிக்கொண்டு.

1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த நம் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். மிஞ்சியவர்கள் பிறகு செத்தபோது தோட்டத்திலேயே புதைத்தார்கள். பெயர் வெட்டிய கல் துரைமாருக்குத்தான். நம் ஆட்களின் குழி இப்போது தேயிலைக்கு நடுவே சும்மா ஒரு மேடு. நில அளவைப் படத்தில் அது இருக்காது. நீச்சல்குளத்துக்குத் தோண்டும்போது தெரியவந்து என்ன பயன்? மாடசாமி, முனியாண்டி என்று கும்பிடும் சாமிக்கல் குறுக்கே வந்தால் மதிலை வளைத்துக் கட்டுங்கள்.

அடுத்தது தண்ணீர். பங்களா பைப்பும் லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியும் பெரும்பாலும் ஒரே ஊற்றுத்தான். அறைக்கு அறை குளியல்தொட்டி போட்டால் பெப்ரவரி, மார்ச்சில் பீலி சொட்டத் தொடங்கும். மழைநீர்த் தொட்டி தனியாகக் கட்டுங்கள். மலக்குழியை லயத்துக்கு மேலே வெட்டவே கூடாது. சரிவில் மண் வெட்டுவதென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகும் இதை வெறும் கடதாசி வேலை என்பவர்களோடு நான் சேர்வதில்லை.

லயத்தையே அறையாக்கலாமா என்று கேட்பார்கள். ஆட்கள் குடியிருந்தால் பேச்சே வேண்டாம். எழுபதுகளில் அரசு எடுத்த தோட்டங்கள் 1992இல் கம்பனிகளிடம் போயின. தலைமுறையாக இருப்பவர்களில் பெரும்பாலோரிடம் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. கம்பனி கையெழுத்திட்டால் ஆட்களை எழுப்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் வேறு கட்டிட பாஸைப் பாருங்கள்.

காலி லயம் என்றால் ஒரு காம்பராவையாவது (ஒரு குடும்பத்தின் அறை) அப்படியே விடுங்கள்: பத்துக்குப் பன்னிரண்டு அடி, புகையேறிய சுவர், மண் அடுப்பு, மூலையில் அம்மிக்கல். பக்கத்தில் மூன்று மொழியிலும் பலகை. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத்து ஆட்களை நாடற்றவர்களாக்கியதும், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியதும் அதில் இருக்கட்டும். தோட்டத்துப் படித்த பிள்ளைகளிடம் எழுதக் கொடுங்கள், காசும் கொடுங்கள்.

விருந்தாளிக்குச் சேலை கட்டிக் கூடை மாட்டும் 'கொழுந்து அனுபவம்' எனக்குப் பிடிக்காது. பறிக்கிற பெண்ணுக்கு 18, 20 கிலோ சேராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். நிறுத்திவைத்துப் படமெடுத்தால் நட்டம் அவளுக்கு. அந்த நேரத்துக்குரிய சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் வேலையாட்கள். லயத்துப் பிள்ளைகளைக் குசினிக்கும் தோட்டக்காரன் வேலைக்கும் மட்டும் எடுக்காதீர்கள். இங்கிலீஷ் பேசும் பிள்ளைகள் இப்போது எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். வரவேற்பு மேசையைக் கொடுங்கள், முதல் மாதத்திலிருந்தே ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுங்கள்.