வேண்டாத வரத்தைக் கதையாக்குவது எப்படி? பாம்பன் கரையை முன்வைத்து ஒரு வழிகாட்டி

அமானுஷ்ய ஆற்றல் பெற்ற பதின்பருவத்தினரைப் பற்றி எழுத முனைபவர்களில் பலர், அந்த ஆற்றல் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது, அது வெளியே தெரிந்தால் யாருக்குப் பயன்படும் என்பதாகும். ஒரு பிள்ளைக்குத் தன் ஆற்றல் வேண்டாததாகிப் போவது, அது அச்சமூட்டுவதால் மட்டுமன்று, ஊருக்கு அது தேவைப்படுவதாலும்தான். கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்ற கேள்வி அன்றாடம் எழும் இராமநாதபுரம் கடற்கரையில் இந்தத் தேவையைத் தனியாகக் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை.

ஆற்றலை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்குங்கள். பாம்பன் (இராமேசுவரம்) தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கடல்நீர் கையில் பட்டால், அன்று கடலுக்குப் போன படகுகளில் எத்தனை கரை திரும்பாது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். எந்தப் படகு என்பது தெரியாது. இந்த ஒரு குறையே கதையை நடத்திச் செல்லும். பெயர் தெரிந்தால் ஒரு வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம்; எண் மட்டும் தெரிந்தால் யாரிடம் சொல்வது? சொன்னால் ஊரே பதறும், சொல்லாவிட்டால் பழி அவளுடைய மனத்தில் தங்கும்.

அடுத்து, அந்த ஆற்றலிலிருந்து அவளால் விலகி நிற்க முடியாதபடி அவளுடைய வீட்டுப் பிழைப்பை அமைக்க வேண்டும். அவளுடைய தாய் கடல்பாசி எடுக்கும் பெண்ணாக இருந்தால், விடுமுறை நாள்களில் மகளும் உடன் போக வேண்டியிருக்கும். பாறையில் விரல் கிழியாமலிருக்க மற்றப் பெண்கள் துணி சுற்றிக்கொள்வதைப் போல இவளும் சுற்றிக்கொள்கிறாள். ஆனால் மற்றவர்களைவிடத் தடிமனாக, இரண்டு மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றுகிறாள். இடுப்பளவு நீரில் குனிந்து முதல் பிடி பாசியைப் பறிப்பதற்குள் துணி நனைந்து, எண் வந்துவிடுகிறது. இத்தகைய ஒரு காட்சி, அவளுடைய வேதனையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவதைவிட வலுவானது.

இடத்தின் இயல்பிலிருந்தே விதிகளை எடுத்துக்கொள்ளலாம். தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்க, வடக்குக் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இது மாறிவிடும். வடக்குக் கடலின் நீர் அந்தக் கடலுக்குப் போன படகுகளைப் பற்றி மட்டுமே சொல்லும் என்று வைத்தால், முழு உண்மையை அறிய அவள் தீவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். விசைப்படகுகள் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கடலுக்குப் போகின்றன. ஆகவே எத்தனை போயின, எத்தனை வந்தன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சந்தேகப்படும் ஒரு பாத்திரம் அவளுடைய எண்ணை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மாயக்கதையில் இப்படி ஓர் அலுவலகச் சான்று இருப்பது எனக்கு மிகவும் பிடித்த உத்தி.

இந்தக் கரைக்கே உரிய இன்னொன்று, ‘திரும்பாது’ என்பதற்கு இங்கே இரண்டு பொருள் இருப்பதாகும். 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையைத் தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் படகும் அன்று கரை திரும்பாது. ஆள்கள் வாரங்களோ மாதங்களோ சிறையிலிருந்து பின்னர் வருவார்கள். படகு பெரும்பாலும் அங்கேயே கிடந்து வீணாகிவிடும். அவளுக்கு வரும் எண் மரணத்தைச் சொல்கிறதா, சிறையைச் சொல்கிறதா என்பது அவளுக்குத் தெரியாமலிருக்கட்டும். ஒருமுறை ‘மூன்று’ என்று வந்து, மூன்று படகினரும் சிறைப்பட்ட செய்தி கிடைக்கும்போது, உயிர் இருக்கிறதே என்று அவள் ஆறுதலடைவதும், படகை இழந்த குடும்பத்தின் முன் அந்த ஆறுதலுக்காகவே கூசுவதும் ஒரே அத்தியாயத்தில் நிகழலாம்.

நடுப்பகுதிக்கு மீன்பிடித் தடைக்காலம் உதவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகா, நாட்டுப்படகுகள் போகலாம். தேர்வு முடிந்த விடுமுறையும் அதே காலம். ஊர் ஓய்ந்துவிட்டது என்று வாசகர் நினைக்கும் வேளையில், அவளுடைய அப்பாவின் நாட்டுப்படகு போய்க்கொண்டிருக்கிறது. படகுகள் குறையக் குறைய, வெறும் எண் ஒரு பெயரை நெருங்கிவிடும்.

பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டார் உணர்ந்தபின் என்ன செய்வார்கள் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். குறி சொல்லும் கோடாங்கி, ஓரியூரில் கிறிஸ்தவர்களின் அருளானந்தர் கோயில், ஏர்வாடி தர்கா என்று மதம் பாராமல் ஏறி இறங்குவது இங்கே இயல்பு. அதைக் கேலியில்லாமல் எழுதலாம். ஆனால் கதாநாயகியைச் சங்கிலியில் கட்டிவைத்து அச்சமூட்ட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் போக, 28 பேர் இறந்தார்கள். அதை அலங்காரமாகப் பயன்படுத்துவது அறமாகாது. வாசகரில் ஒருவர் உண்மையிலேயே மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதால், நோயும் வரமும் ஒன்று என்ற எண்ணத்தையும் கதை தரலாகாது.

தனுஷ்கோடி இடிபாடுகளில் ஆவிகளை உலவவிடும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலில், பாம்பனிலிருந்து போன ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட இடம் அது; அவர்களுடைய உறவினர் இன்றும் இந்தத் தீவில் இருக்கிறார்கள். புயலைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், அதைப் பற்றிப் பேச மறுக்கும் ஒரு பாட்டி போதும்.

உரையாடல் வட்டார வழக்கில் இருக்கட்டும். ஆனால் சென்னைப் பேச்சோ நெல்லைப் பேச்சோ கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலை மீன் ஏலம் நடக்கும் இடத்தில் சில நாள்கள் ஓரமாக நின்று கேட்பது நல்ல பயிற்சி.

தொடக்கம் புயலோடு வேண்டாம். முதல் இரண்டு அத்தியாயங்களிலும் அவளுக்கு வரும் எண் சுழியமாகவே இருக்கட்டும். கை நனைவது, காத்திருப்பது, ஒன்றும் இல்லை என்று மூச்சுவிடுவது ஆகியவை வாசகருக்குப் பழக்கமான பிறகுதான், மூன்றாம் அத்தியாயத்தில் ‘ஒன்று’ என்று வருவதற்கு எடை கூடும்.