தீக்காயமும் இறங்கிய எடையும்: என் அனுபவம்
காயம் மெல்ல ஆறியது, எடை மட்டும் வேகமாக இறங்கியது. பெரிய தீக்காயம் என்றால் படுத்தே கிடந்தாலும் உடல் ஆற்றலை எரித்துக்கொண்டே இருக்குமாம். உணவு போதாவிட்டால் தசையைக் கரைத்துப் புரதம் எடுத்துக்கொள்ளும். இப்படிக் காயம்பட்ட பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் புரதம் வேண்டும் என்றார் உணவியல் நிபுணர். என் 60 கிலோவுக்குக் குறைந்தது 90 கிராம். (சிறுநீரகக் கோளாறு இருந்தால் கணக்கே வேறு, மருத்துவரைக் கேளுங்கள்.)

சரி, பசியே இல்லாதவன் அவ்வளவையும் எப்படி உள்ளே தள்ளுவது? நிறைந்த தட்டைப் பார்த்தாலே குமட்டியது. மூன்று வேளையை ஆறாக உடைத்தேன். தட்டில் முதலில் முட்டை அல்லது மீன், மற்றதெல்லாம் அப்புறம். பாலில் பால்பவுடரைக் கலந்ததுதான் பெரிய உதவி: குடிக்கும் அளவு கூடவில்லை, புரதம் கூடியது. கட்டு மாற்றிய பிறகு வலியில் எதுவும் இறங்காது என்பதால், முக்கியச் சாப்பாட்டை வேறு நேரத்துக்குத் தள்ளினேன்.

வலி மாத்திரையால் வந்த மலச்சிக்கலும் பசியைக் கெடுத்தது. அதற்குத் தண்ணீர், பழம், மருத்துவர் தந்த மருந்து. காயம் ஆற உதவும் என்று சொல்லப்படும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை நானாக வாங்கவில்லை. அளவு மீறினால் அதுவே குமட்டும். எடை இறங்குவது முதலில் நின்றது, பிறகு மெதுவாக ஏறியது.