என்எஃப்எஸ் ஹேங் ஆகும்போது செய்யக்கூடாதவை

"அண்ணா, மவுண்ட் ஹேங் ஆகிக்கிட்டே இருந்துச்சு. சாஃப்ட் போட்டேன், சரியாயிடுச்சு" என்றார் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி. முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சிரித்தேன். வேறொரு சர்வரில் இருக்கும் ஃபைல்களை நெட்வொர்க் வழியாக நம் மெஷினில் (கிளையன்ட்டில்) இருப்பதுபோல் காட்டுவதுதான் என்எஃப்எஸ். அப்படி இணைப்பது மவுண்ட். சர்வர் பதில் தராமல் புரோகிராம் உறைந்து நிற்பது ஹேங். ஐபி தப்பாக அடிப்பது, சர்வர் யாருக்கு ஃபைல்களைத் தரலாம் என்ற எக்ஸ்போர்ட் பட்டியலில் கிளையன்ட்டைச் சேர்க்க மறப்பது எல்லாம் உடனே தெரிந்துவிடும், அவற்றை விடுங்கள்.

எழுதும் இடத்தில் சாஃப்ட் மவுண்ட்

ஹார்டு மவுண்ட்டில் சர்வர் பதில் தரும்வரை கிளையன்ட் விடாமல் கேட்கும். 'நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்' என்று லாகில் புலம்பும், ஆனால் டேட்டாவைக் கைவிடாது. சாஃப்ட் சில முறை முயன்றுவிட்டு, பிழை என்று புரோகிராமிடம் சொல்லிக் கைகழுவிவிடும். வில்லங்கம் என்னவென்றால், எழுதுவது முதலில் கிளையன்ட்டின் மெமரியில்தான் போய் உட்காரும். ரைட் செய்தபோதே 'ஆயிற்று' என்று பதில் வந்துவிடும். சர்வருக்குப் போய்ச் சேராத சங்கதி பெரும்பாலும், எழுதியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லும் எஃப்சிங்க்கிலோ, ஃபைலை மூடும் க்ளோஸிலோதான் வெளியே வரும். க்ளோஸ் என்ன பதில் தந்தது என்று யார் பார்க்கிறோம்?

நான் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் டைம்ஓவை, 30 நொடி என்று நினைத்து டைம்ஓ=30 என்று போட்டிருந்தேன். அதன் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆக 3 நொடி! டிசிபியில் நாம் தொடாமல் விட்டால் 600, அதாவது 60 நொடி. ராத்திரி பேக்கப் ஓடும் நேரத்தில் சர்வர் திணறியது. என் ஸ்கிரிப்ட் ரிப்போர்ட் ஃபைல்களை எழுதி, எல்லாம் முடிந்தது என்று மெயிலும் அனுப்பியது. மூன்று வாரம் கழித்துத் திறந்தால், பல ஃபைல்கள் பாதியில் அறுந்து கிடந்தன. பேக்கப்பில் தேடினால் அங்கேயும் அதே அறுந்த ஃபைல்கள். இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

வெறும் வாசிப்புக்கான மவுண்ட் என்றால் சாஃப்ட் போடுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

உடனே ரீபூட்

வேண்டாம். மெமரியில் காத்திருக்கும் டேட்டாவும் சேர்ந்து போகும்.

லோடு 200 என்று கூடுதல் சிபியு கேட்பது

லினக்ஸில் டி நிலையில், அதாவது டிஸ்க் அல்லது என்எஃப்எஸ் பதிலுக்காக, காத்துக் கிடக்கும் பிராசஸ்களும் லோடு கணக்கில் சேரும். சிபியு சும்மாதான் இருக்கும்.

அளக்காமல் நெட்வொர்க்கைத் திட்டுவது

என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் என்ற கமாண்டை ஓட்டினால் ஆர்டிடி (கோரிக்கை சர்வருக்குப் போய்ப் பதில் வரும் நேரம்), எக்ஸிகியூட் (கிளையன்ட் வரிசையில் காத்திருந்ததையும் சேர்த்த மொத்த நேரம்) என இரண்டு நேரங்கள் தெரியும். ஆர்டிடி சின்னது, எக்ஸிகியூட் பெரியது என்றால் கூட்டம் கிளையன்ட் வாசலிலேயே நிற்கிறது, ஒரே சர்வருக்குப் பல இணைப்புகள் போடும், லினக்ஸ் 5.3 முதல் இருக்கும் என்கனெக்ட் உதவக்கூடும். ஆர்டிடியே பெரிதென்றால் வழியையும் சர்வரையும் பாருங்கள்.

தம்பியை மறுபடி ஹார்டுக்கு மாற்ற வைத்தேன். மறுநாளே ஹேங். அளந்து பார்த்தார், ஆர்டிடி எகிறியிருந்தது. சர்வரில் கோரிக்கைகளைக் கவனிக்கும் என்எஃப்எஸ்டி த்ரெட் வெறும் 8.