பிரைமரி கீயா எதை வைக்கிறது?

டேட்டாபேஸ் டேபிள்ல ஒவ்வொரு ரோவையும் (பதிவையும்) தனியா அடையாளம் காட்டுற வேல்யூதான் பிரைமரி கீ. டேபிள் டிசைன் பண்றப்போ முதல்ல ஒண்ணு கேளுங்க, கீயா வைக்கப்போற இந்த வேல்யூ என்னைக்காவது மாறுமா? போன் நம்பர், இமெயில் எல்லாம் மாறும். ஒரு கடை சாஃப்ட்வேர்ல போன் நம்பரையே கீயா வச்சிருந்தேன், ஒருத்தர் நம்பர் மாத்தினதும் பில், பேமென்ட், ரிட்டர்ன்னு அத்தனை டேபிளையும் திருத்த வேண்டியதாப் போச்சு, அதுல ஒண்ணு விட்டுப்போய் அவரோட பழைய பாக்கி கணக்குலயே வரல. புக் கடைக்கு ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்குக் குடுக்கிற அடையாள எண்) போதுமேன்னு தோணும், ஆனா 2007 ஜனவரியில அதுவே 10 இலக்கத்துல இருந்து 13 ஆயிடுச்சு, ரொம்பப் பழைய புத்தகங்களுக்கு அந்த நம்பரே கிடையாது.

அதனால பெரும்பாலும் தானா ஏறுற பிக்இன்ட் (பெரிய முழு எண்) ஐடி ஒண்ணு போட்டுடுங்க. அதோட நிறுத்தாதீங்க, ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்ங்கிறது உங்க ரூல்னா போன் நம்பர் இருக்கிற காலம் (column) மேல யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒரே வேல்யூ ரெண்டு தடவை வராம தடுக்கிற விதி) கட்டாயம் வேணும், இல்லன்னா ஒரே ஆள் ரெண்டு ஐடியில உள்ள வந்துருவார், இதைத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோட இன்னோடிபி ஸ்டோரேஜ் இன்ஜின்ல ரேண்டம் யூயூஐடி (வரிசையில்லாம உருவாகிற நீளமான ஐடி) கீயா போடறதா இருந்தா யோசிங்க, அங்க ரோ எல்லாம் பிரைமரி கீ வரிசையிலதான் அடுக்கியிருக்கும், நடுநடுவுல சொருகச் சொருக பேஜ் (ரோக்களைச் சேர்த்து வச்சிருக்கிற பகுதி) ரெண்டா உடையும், மத்த இண்டெக்ஸ்லயும் (சீக்கிரம் தேட வச்சிருக்கிற பட்டியல்) அந்த நீளமான கீ ஒட்டிக்கிட்டே வரும்.

மாணவர்-கோர்ஸ் மாதிரி இணைக்கிற டேபிளுக்குத் தனி ஐடி வேண்டாம், மாணவர் ஐடி, கோர்ஸ் ஐடி ரெண்டும் சேர்ந்ததே கீ.